ஆட்டோஎஃப்எஸ் ரிவ்யூ: நல்லா உழைக்கும், ஆனா சரியான கல்லுளிமங்கன்

காசு குடுத்து வாங்காத ஒரு சாஃப்ட்வேருக்கு எதுக்குய்யா ரிவ்யூன்னு கேப்பீங்க. விலை சைபர்தான், ஆனா இது என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்ட ராத்திரிகளுக்கு மணிக்கணக்கு போட்டு பில் போட்டா ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியிருக்கலாம். அதனால எழுதுறேன்.

நான் ஒரு காலேஜ்ல சிஸ்டம் அட்மின். லேப்ல 42 மெஷின், எல்லாத்துலயும் லினக்ஸ், ஸ்டூடன்ட்ஸோட ஹோம் ஃபோல்டர் எல்லாம் ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா ஃபோல்டரப் பகிர்ந்துக்கிற முறை) சர்வர்ல இருக்கு. எந்தப் பையன் எந்த மெஷின்ல உக்காந்து லாகின் பண்ணாலும் அவனோட ஃபைல் அங்க வந்து நிக்கணும், லாகவுட் பண்ணிப் போனா கொஞ்ச நேரத்துல தானா கழண்டுக்கணும். ஆறு வருஷமா இந்த வேலையப் பாக்குறது ஆட்டோஎஃப்எஸ்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்லணும்னா, இது வாசல்ல உக்காந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரி. ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு பேரச் சொல்லி யாராவது கதவத் தட்டினா, உடனே அந்தப் பேருக்கு சர்வர்ல எந்த ஷேர்னு (பகிர்ற ஃபோல்டர்னு) பாத்து மவுண்ட் பண்ணி, அதாவது நம்ம மெஷின்ல மாட்டி, உள்ள விடும். யாரும் தொடாம இருந்தா, கூட வர்ற கான்ஃபிக்ல 300 செகண்ட்னு போட்டிருக்கும், அது முடிஞ்சதும் அன்மவுண்ட். பூட் ஆகும்போதே எல்லா ஷேரையும் மாட்டி வைக்க வேண்டியதில்ல, ஆயிரம் பேருக்கு ஆயிரம் வரி எழுத வேண்டியதுமில்ல. மேப் ஃபைல்ல, அதாவது எந்தப் பேருக்கு எந்த ஷேர்னு எழுதி வைக்கிற ஃபைல்ல, ஒரே வரி. ஒரு ஸ்டார், பக்கத்துல மவுண்ட் ஆப்ஷன், அப்புறம் சர்வர் பேரு, பாத், கடைசில ஒரு ஆம்பர்சண்ட் (&). வர்றவன் பேரு என்னவோ அது ஆம்பர்சண்ட் இருக்கிற இடத்துல போய் உக்காந்துக்கும். இந்த ஒரு வரிக்காகவே நான் இத விடாமப் புடிச்சிட்டிருக்கேன்னு கூட சொல்லலாம்.

ஐடியா புதுசு கிடையாது. என்எஃப்எஸ்ஸையே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984ல கொண்டு வந்தாங்க, அந்த பத்து வருஷம் முடியறதுக்குள்ளயே அவங்களோட சன்ஓஎஸ்ல ஆட்டோமவுண்டரும் வந்துருச்சு. லினக்ஸுக்கு முதல்ல எழுதினவர் பீட்டர் ஆன்வின், ரொம்ப வருஷமா பராமரிக்கிறவர் இயன் கென்ட். சன்னோட சோலாரிஸ் ஓஎஸ்ல வேலை பாத்த பழைய ஆளுங்களுக்கு ஹோம்னு ஒரு ஃபோல்டருக்குள்ள லோக்கலா எதையும் உருவாக்கவே முடியாம முழிச்சது ஞாபகம் இருக்கும், அந்த இடம் மொத்தமும் ஆட்டோமவுண்டர் கைல இருக்கும், நிஜ ஃபோல்டர எக்ஸ்போர்ட் ஹோம் அடியில வைக்கணும். அதே குணம் இன்னைக்கும் இருக்கு.

செட்டப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பேக்கேஜ் போட்டு ரெண்டு ஃபைல் எழுதினா முடிஞ்சுது, மாஸ்டர் ஃபைல்ல எந்த ஃபோல்டருக்கு எந்த மேப்புன்னு ஒரு வரி, மேப் ஃபைல்ல மேல சொன்ன வரி. அரை மணி நேர வேலை. பிரச்சினை எல்லாம் அது வேலை செய்யாத அன்னைக்குத்தான்.

ஏன்னா இது வாயத் திறக்காது. சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் சரி, பேர்ல எழுத்துப்பிழை இருந்தாலும் சரி, ஃபயர்வால் தடுத்தாலும் சரி, சர்வரோட எக்ஸ்போர்ட் லிஸ்ட்ல (யாருக்கெல்லாம் பகிரலாம்ங்கிற பட்டியல்ல) நம்ம மெஷின் இல்லாட்டியும் சரி, பெரும்பாலும் பயனருக்குக் கிடைக்கிற பதில் ஒண்ணே ஒண்ணு: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. டாக்டர்கிட்ட போய் கால் வலின்னாலும் காது வலின்னாலும் "உடம்பு சரியில்ல"ன்னு சீட்டு எழுதிக் குடுக்குற மாதிரி. இதுல இன்னொரு கூத்து, உள்ள இருக்கிறதப் பட்டியல் போடுற எல்எஸ் கமாண்ட் அடிச்சுப் பாத்தா ஃபோல்டர் காலியா இருக்கும். வேலை செய்யுறப்பவும் காலியாத்தான் இருக்கும்! ப்ரவுஸ் மோட் வழக்கமா ஆஃப்ல இருக்கும், அதனால மவுண்ட் ஆகாத பேரு லிஸ்ட்ல வராது, முழுப் பேரச் சொல்லி சிடி (ஃபோல்டருக்குள்ள போற கமாண்ட்) பண்ணாத்தான் எட்டிப் பாக்கும். புதுசா வந்த லேப் அசிஸ்டன்ட் தம்பி முதல் நாளே பதறி அடிச்சு ஓடி வந்தான், "சார், எல்லார் ஃபோல்டரும் போயிருச்சு சார்"னு. ஒண்ணும் போகலடா, நீ பேரச் சொல்லிக் கூப்பிடலன்னு சொல்லி அனுப்பினேன்.

என் கதைக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி பத்து புது மெஷின் வந்துச்சு. நெட்வொர்க் கேபிள் இன்னும் இழுக்கல, சரின்னு பழைய மெஷின்லேர்ந்து மேப் ஃபைல பென்டிரைவ்ல எடுத்தேன், புது மெஷின்ல டெக்ஸ்ட் கன்சோல்ல ரூட்டா (முழு அதிகாரம் இருக்கிற அட்மின் பயனரா) உக்காந்து பென்டிரைவ கையால மவுண்ட் பண்ணி காப்பி பண்ணேன். கேபிள் வந்ததும் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணேன். எந்த எரரும் இல்ல, ஸ்டேட்டஸ் பச்சையா ஆக்டிவ்னு சிரிக்குது. சிடி பண்ணா நோ சச் ஃபைல். பழைய மெஷின்ல அதே ஃபைல், அதே வரி, ஜம்முனு வேலை செய்யுது. ரெண்டு ஃபைலையும் ஒப்பிட்டுப் பாக்குற டிஃப் கமாண்ட் போட்டேன், ஒரு எழுத்து கூட மாறல. சர்வர பிங் பண்ணேன், போகுது. கையால மவுண்ட் கமாண்ட் அடிச்சேன், மாட்டிக்குது. ராத்திரி ஒன்பது மணி, வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டார்.

கடைசில சர்வீஸ நிறுத்திட்டு, ஆட்டோமவுண்ட் கமாண்டையே மைனஸ் எஃப் மைனஸ் டி போட்டு ஃபோர்கிரவுண்ட்ல ஓட விட்டேன். இப்பத்தான் வாயத் திறந்துச்சு. வரி வரியா ஓடுது, அதுல ஒரு இடத்துல லுக்கப், பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ப்ரோக்ராம்னு வருது. பழைய மெஷின்ல அதே இடத்துல ஃபைல்னு வருது. அப்பத்தான் உரைச்சுது. மேப் ஃபைலுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் இருந்தா ஆட்டோஎஃப்எஸ் அத ஒரு லிஸ்ட்டா படிக்காது, ஸ்கிரிப்ட்னு நினைச்சு ஓட்டப் பாக்கும், பையனோட பேர ஆர்க்யுமென்ட்டா குடுத்து அது என்ன பதில் சொல்லுதுன்னு காத்திருக்கும். பென்டிரைவ்ல இருக்கிறது ஃபேட் ஃபைல் சிஸ்டம், அதுக்கு லினக்ஸ் பர்மிஷன்னா என்னன்னே தெரியாது, ரூட்டா கையால மாட்டினா எல்லா ஃபைலும் 755ன்னு (எல்லாரும் ஓட்டலாம்னு அர்த்தம்) காட்டும், காப்பி பண்ணா அந்த எக்ஸிக்யூட் பர்மிஷனும் கூடவே வந்துரும். டிஃப் உள்ள இருக்கிற எழுத்தைத்தான் பாக்கும், பர்மிஷனப் பாக்காது. பர்மிஷன மாத்துற சிஎச்மாட் கமாண்ட், 644ன்னு, அதாவது எக்ஸிக்யூட் இல்லாம. முடிஞ்சுது. நாலு மணி நேரம் தேடினதுக்கு மருந்து ஒரே ஒரு கமாண்ட்.

இது பக் கிடையாது, மேனுவல்ல எழுதியே இருக்கு, ஸ்கிரிப்ட் மேப் சில இடத்துல ரொம்ப உபயோகமும் கூட. ஆனா "ஏம்ப்பா இந்த ஃபைல ஓட்டப் பாத்தேன் ஓடல"ன்னு ஸ்டேட்டஸ்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய் தோசை சாப்ட்டிருப்பேன்.

ரெண்டாவது கடுப்பு இதவிட நுணுக்கமானது. தப்பக் கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டீங்க, உடனே திரும்ப சிடி பண்றீங்க, இன்னும் வரல. ஐயையோ இது இல்ல போலன்னு பண்ணின திருத்தத்த அழிச்சுட்டு வேற எதையோ நோண்ட ஆரம்பிப்பீங்க. நானே எத்தன தடவ இப்படி சரியான மருந்த குப்பைல போட்டேன்னு கணக்கே இல்ல. விஷயம் என்னன்னா, ஒரு தடவ மவுண்ட் ஃபெயில் ஆனா அத அது மனசுல வச்சுக்கும். நெகட்டிவ் டைம்அவுட்னு பேரு, 60 செகண்ட். அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள நீங்க எத்தன தடவ கேட்டாலும் சர்வர்கிட்ட போய் விசாரிக்காம "இல்ல போ"ன்னு சொல்லிரும். ஆயிரம் மெஷின் இருக்கிற இடத்துல சர்வர் மேல சுமை ஏறாம இருக்க இது நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்குறேன். ஆனா கைய வச்சு ரிப்பேர் பண்ணிட்டிருக்கிறவனுக்கு இது நரகம். இப்ப நான் ரிப்பேர்ல இறங்கும்போது ஆட்டோஎஃப்எஸ் கான்ஃப்ல அத 5ன்னு மாத்திட்டுத்தான் மத்ததத் தொடுறது. அதே ஃபைல்ல லாகிங்க டீபக்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணா சிஸ்டம் லாகக் காட்டுற ஜர்னல்சிடிஎல்ல எல்லாம் கொட்டும், கொட்டுறது கொஞ்சம் அதிகம்தான், வேலை முடிஞ்சதும் மறக்காம திரும்ப மாத்திருங்க.

சில சில்லறை விஷயம் சேத்து சொல்லிர்றேன். மேப்புக்குள்ள இருக்கிற வரிய மாத்தினா பெரும்பாலும் தானா எடுத்துக்கும், மாஸ்டர் ஃபைல மாத்தினா ரீலோட் பண்ணணும். மாஸ்டர் டி ஃபோல்டர்ல தனி ஃபைலா போட்டீங்கன்னா பேரு கடைசில புள்ளி வச்சு ஆட்டோஎஃப்எஸ்னு முடியணும், இல்லன்னா கண்டுக்கவே கண்டுக்காது, எரரும் கிடையாது. முழு பாத் குடுத்து மவுண்ட் பண்ற டைரக்ட் மேப்புக்கு மாஸ்டர்ல சாய்வுகோடும் ஒரு மைனஸும் போடணும், சாதா மேப்ல வெறும் பேரு மட்டும், ரெண்டையும் குழப்பினா மறுபடி அதே மௌன விரதம். ஆட்டோமவுண்ட் கமாண்டுக்கு மைனஸ் எம் குடுத்தா அது எந்தெந்த மேப்ப எப்படிப் புரிஞ்சு வச்சிருக்குன்னு கொட்டிக் காட்டும், இந்த வசதிக்கு மட்டும் தனியா ஒரு கைதட்டல்.

பாதி நேரம் தப்பு இது மேலயே இருக்காது, அதையும் நேர்மையா சொல்லணும். அதனால நான் முதல்ல பண்றது ஆட்டோஎஃப்எஸ்ஸ ஓரமா வச்சுட்டு அதே ஷேர கையால எம்என்டி ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணிப் பாக்குறது, கூட மைனஸ் வி போட்டு. கையாலயே மாட்டலன்னா பிரச்சினை சர்வர்லயோ நடுவுலயோ, இவன அடிச்சுப் பிரயோஜனமில்ல. ஷோமவுண்ட் மைனஸ் ஈ போட்டு எக்ஸ்போர்ட் லிஸ்ட் பாக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, ஆனா அது பழைய வழி, போர்ட் 111ல இருக்கிற ஆர்பிசிபைண்ட், மவுண்ட்டின்னு ரெண்டு சர்வீஸும் பதில் சொன்னாத்தான் வரும். என்எஃப்எஸ் வெர்ஷன் நாலு மட்டும் ஓடுற சர்வர்ல போர்ட் 2049 ஒண்ணு தொறந்திருந்தா போதும், அங்க ஷோமவுண்ட் தோத்துப் போகும், மவுண்ட் ஜோரா ஆகும். ஷோமவுண்ட் வரலன்னு சர்வரையே சந்தேகப்பட்டு ஒரு நாள் வீணாக்கின ஆள் எனக்குத் தெரியும், அந்த ஆள் கண்ணாடில தெரிவார்.

சர்வர்ல யாருக்கு எதப் பகிரணும்னு எழுதுற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல இடைவெளி விஷயம் இன்னும் மோசம். நெட்வொர்க் நம்பருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விழுந்துச்சுன்னா அர்த்தமே தலைகீழ், உங்க நெட்வொர்க்குக்கு டீஃபால்ட்டா படிக்க மட்டும் அனுமதி, அடைப்புக்குறிக்குள்ள எழுதின ரைட் பர்மிஷன் உலகத்துல இருக்கிற மத்த எல்லாருக்கும். ஒரே ஒரு ஸ்பேஸ்! எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மைனஸ் வி அடிச்சா சர்வர் உண்மையில என்ன புரிஞ்சுக்கிட்டுச்சுன்னு தெரியும், ஃபைலப் பாக்காதீங்க, அதப் பாருங்க. மெஷின் பேர வச்சு எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா டிஎன்எஸ்ல நம்பர்லேர்ந்து பேருக்குத் திரும்பிப் போற பதிவும் சரியா இருக்கணும், இல்லன்னா ஆக்சஸ் டினைட்.

இப்ப எக்ஸாம் கதை. யுனிவர்சிட்டி ப்ராக்டிகல், வெளிலேர்ந்து எக்ஸாமினர் வந்து உக்காந்திருக்கார், எச்ஓடி மேடம் வாசல்ல. பதினொரு மணிக்கு ரெண்டாவது வரிசைல இருந்த அத்தன மெஷினும் அப்படியே உறைஞ்சுது. மவுஸ் நகருது, எதையும் க்ளிக் பண்ண முடியல. ஒரு மெஷின்ல டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போய் ரூட்டா லாகின் பண்ணிப் பாத்தேன், ரூட்டோட ஹோம் லோக்கல்ல இருக்கிறதால அது மட்டும் வந்துச்சு. லோட் ஆவரேஜ் (வரிசைல நிக்கிற வேலையோட கணக்கு) முப்பதத் தாண்டி நிக்குது, சிபியு என்னடான்னா சும்மா கொட்டாவி விடுது. ஓடுற ப்ராசஸக் காட்டுற பிஎஸ்ல பாத்தா பூரா டி ஸ்டேட், அதாவது டிஸ்க்கோ நெட்வொர்க்கோ பதில் சொல்லட்டும்னு காத்துக் கிடக்குது. பதட்டத்துல டிஸ்க் இடம் காட்டுற டிஎஃப்னு அடிச்சேன் பாருங்க, அந்தக் கன்சோலும் தொங்கிருச்சு, டிஎஃப் ஒவ்வொரு மவுண்ட்டையும் போய்த் தட்டிப் பாக்குமில்ல. டிஎஃப் மைனஸ் எல்னு அடிச்சிருக்கணும், லோக்கல் டிஸ்க்க மட்டும் பாத்திருக்கும். சிஸ்டம் மெசேஜக் காட்டுற டிமெசேஜ்ல ஒரே வரி: சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்.

காரணம் ஒண்ணுமில்ல, அந்த வரிசைக்குப் போற ஸ்விட்சோட அடாப்டர் புட்டுக்கிச்சு. வேற அடாப்டர் தேடி மாட்ட பதினஞ்சு நிமிஷம். மாட்டினதும் டிமெசேஜ்ல சர்வர் ஓகேன்னு ஒரு வரி, அடுத்த செகண்ட் எல்லா ஸ்க்ரீனும் விட்ட இடத்துலேர்ந்து உயிரோட எழுந்துச்சு, பசங்க உறைஞ்சப்ப தட்டின எழுத்து கூட வரிசையா வந்து விழுந்துச்சு. பொறுமையா காத்திருந்த பசங்களுக்கு ஒரு வரி கூட போகல. பயந்து போய் பவர் பட்டன அமுக்கின மூணு பேருக்குத்தான் சேவ் பண்ணாதது போச்சு, அவங்களுக்கு எக்ஸ்ட்ரா டைம் வாங்கிக் குடுக்க நான் எக்ஸாமினர்கிட்ட நின்ன நிலைமை இருக்கே, அது தனி.

இதச் சொல்றதுக்குக் காரணம், அன்னைக்கு சாயங்காலமே ஒரு லெக்சரர் "சாஃப்ட் மவுண்ட் போட்டா தொங்காதே சார், நான் படிச்சேனே"ன்னார். தொங்காதுதான். பதிலுக்கு கொஞ்ச நேரம் கழிச்சு ப்ரோக்ராமுக்கு எரர் குடுத்துரும், அந்த எரர ஒழுங்கா கவனிக்காத ப்ரோக்ராம் பாதி எழுதின ஃபைல விட்டுட்டுப் போயிரும், ஃபைல் கெட்டது யாருக்கும் தெரியாது. ஹோம் ஃபோல்டருக்கு விடாம காத்திருக்கிற ஹார்ட் மவுண்ட்தான், டீஃபால்ட்டும் அதுதான், அத மாத்தாதீங்க. வெறும் படிக்கிறதுக்கு மட்டும் இருக்கிற ஐஎஸ்ஓ ஷேர், பாட்டு ஷேருக்கு வேணும்னா சாஃப்ட் போட்டுக்கங்க. தொங்குற ப்ரோக்ராம நடுவுல நிறுத்த இண்டர்னு ஒரு ஆப்ஷனப் போடச் சொல்லி இன்னும் நிறைய இடத்துல எழுதி வச்சிருக்காங்க, லினக்ஸோட 2.6.25 கெர்னல்லேர்ந்து அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, சும்மா விட்டு வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ப்ரோக்ராம கட்டாயமா நிறுத்துற கில் மைனஸ் 9 மட்டும் உள்ள போகும்.

போன வருஷம் சர்வர்ல டிஸ்க் மாத்தினோம். பழசுலேர்ந்து புதுசுக்கு ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்), அதே பாத், அதே பேரு, ஞாயித்துக்கிழமையே முடிச்சுட்டு பெருமையா வீட்டுக்குப் போனேன். திங்கக்கிழமை காலைல வாரக்கடைசில ஆஃப் பண்ணாம விட்டுட்டுப் போன மெஷின்ல மட்டும் ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்னு எரர். என்எஃப்எஸ் க்ளையன்ட் பேர வச்சு ஃபைலத் தேடாது, சர்வர் குடுத்த ஒரு ஹேண்டில வச்சுத்தான் பேசும், அதுக்குள்ள ஃபைல் சிஸ்டம் அடையாளமும் ஐநோடு நம்பரும் (டிஸ்க்ல ஃபைலுக்கு இருக்கிற நம்பர்) இருக்கும். டிஸ்க் மாறினா ரெண்டும் மாறிரும். பழைய சர்வே நம்பர வச்சுக்கிட்டு பத்திர ஆபீசுக்குப் போன மாதிரி, இடம் என்னமோ அதே இடம்தான், நம்பர் செல்லாது. ஆட்டோஎஃப்எஸ் இங்க தானா எதுவும் பண்ணாது, ஏன்னா அந்த மவுண்ட்ட எவனாவது ஒருத்தன் புடிச்சுட்டு இருப்பான், லாகவுட் பண்ணாத டெர்மினல், பின்னாடி ஓடுற எடிட்டர். டைம்அவுட் வரவே வராது. ஃப்யூசர் கமாண்ட் போட்டு யார்னு பாத்து அனுப்பி வச்சுட்டு அன்மவுண்ட், அதுவும் ஆகலன்னா மைனஸ் எல் போட்டு சோம்பேறி அன்மவுண்ட். அதுக்காக பின்னாடி ஓடுற ஆட்டோமவுண்ட் டீமனையே கில் மைனஸ் 9 போட்டுராதீங்க, வாட்ச்மேன் இல்லாத கேட்டு அப்படியே நிக்கும், உள்ள போறவனுக்குக் கதவத் திறக்க ஆள் இருக்காது.

ஃபைல் ஓனர் எல்லாம் நோபடின்னு காட்டுற வியாதிக்கும் இவனத் திட்டாதீங்க. என்எஃப்எஸ் வெர்ஷன் மூணுல வெறும் பயனர் நம்பர்தான் போகும், ஒரு மெஷின்ல 1001 செல்வி, இன்னொரு மெஷின்ல 1001 குமார்னா செல்வி ஃபைல் குமாருக்குப் போயிரும். வெர்ஷன் நாலுல பேரு, அட், டொமைன்னு அனுப்பலாம், ரெண்டு பக்கமும் ஐடிமேப்டி கான்ஃப்ல டொமைன் ஒண்ணா இல்லன்னா எல்லாரும் நோபடி. டொமைன சரி பண்ணிட்டு என்எஃப்எஸ்ஐடிமேப் மைனஸ் சி அடிச்சு பழைய நினைவ அழிக்கணும், இல்லன்னா சரி பண்ணியும் நோபடிதான், மறுபடியும் அதே "பண்ணிட்டேன் ஆனா வரல" வியாதி. எங்ககிட்ட எஸ்இலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு) ஓடுற மெஷின் ரெண்டு இருக்கு, அதுல யூஸ் என்எஃப்எஸ் ஹோம் டர்ஸ்ங்கிற செட்டிங்க ஆன் பண்ணலன்னா மவுண்ட் ஆகும், லாகின் ஆகாது.

ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் மேக் வச்சிருக்கார். மேக்லயும் 10.5லேர்ந்து ஆட்டோஎஃப்எஸ் இருக்கு, ஃபைல் பேர்ல மட்டும் புள்ளிக்குப் பதிலா அண்டர்ஸ்கோர், ஆட்டோமவுண்ட் மைனஸ் விசி அடிச்சா புதுசாப் படிச்சுக்கும். அவருக்கு ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்னு ஒரே அடம். லினக்ஸ் சர்வர் டீஃபால்ட்டா 1024க்குக் கீழ இருக்கிற போர்ட்லேர்ந்து வந்தாத்தான் பேசும், மேக் அதுக்கு மேல இருந்து வரும். மேப்ல ரெஸ்வ்போர்ட்னு ஒரு வார்த்த சேத்ததும் சரியாச்சு. 10.15லேர்ந்து ரூட் ஃபோல்டர்ல நம்மளா ஒண்ணும் உருவாக்க முடியாது, அதனால அங்க இடம் பாத்து வைங்க. மேல நான் பேச விரும்பல, அவர் டீ வாங்கிக் குடுத்தார், அதோட கணக்கு முடிஞ்சுது.

சரி, மாற்று என்னன்னு கேப்பீங்க. லினக்ஸ்ல சர்வீஸ்களப் பாத்துக்கிற சிஸ்டம்டி தானே ஆட்டோமவுண்ட் பண்ணுதே, மவுண்ட் பட்டியல் இருக்கிற எஃப்எஸ்டேப் ஃபைல்ல எக்ஸ் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட்னு ஒரு ஆப்ஷன் சேத்தா போதும், ஐடில் டைம்அவுட்டும் குடுக்கலாம், தனி பேக்கேஜ் வேணாம். வீட்ல நான் அதத்தான் வச்சிருக்கேன். பேசவும் பேசும், ஸ்டேட்டஸ்ல என்ன எரர்னு மவுண்ட் கமாண்ட் சொன்னத அப்படியே காட்டும், அந்த விஷயத்துல ஆட்டோஎஃப்எஸ்ஸ விட நூறு மடங்கு மேல். யூனிட் (ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் சிஸ்டம்டி வைக்கிற பதிவு) பேர்தான் கொடுமை, ஃபோல்டர் பேர்ல ஒரு ஹைஃபன் இருந்தா பேக்ஸ்லாஷ் எக்ஸ் 2டின்னு மாறி நிக்கும், டைப் பண்றதுக்குள்ள வயசாயிரும். டேப் அடிச்சு தப்பிச்சுக்கங்க.

ஆனா அதுகிட்டயும் ஒரு நாள் அடி வாங்கினேன். வீட்டு நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல ஃபைல் வைக்கிற பெட்டி) ஆஃப் ஆகியிருந்துச்சு, பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கு, அடுத்தடுத்து ஃபெயில் ஆனதும் சிஸ்டம்டி லிமிட் தாண்டிருச்சுன்னு அந்த ஆட்டோமவுண்ட் யூனிட்டையே ஃபெயில்டுன்னு போட்டு ஒதுங்கிருச்சு. கேட்டு போனதும் அடியில இருந்த வெறும் லோக்கல் ஃபோல்டர் வெளில தெரிஞ்சுது. ஸ்கிரிப்டுக்கு என்ன தெரியும், அடுத்த சுத்துல ஃபோல்டர் இருக்கு எழுதலாம்னு லோக்கல் டிஸ்க்லயே எழுதித் தள்ளிருச்சு. காலைல ரூட் டிஸ்க் 100 சதவீதம். ஆட்டோஎஃப்எஸ் ஓடிட்டிருக்கிற வரைக்கும் இது நடக்காது, மவுண்ட் ஆகலன்னா ஆகலதான், அந்த இடத்துல உங்கள ஒரு ஃபைல் கூட எழுத விடாது. கல்லுளிமங்கனா இருந்தாலும் காவல் காவல்தான். சிஸ்டம்டியோட இருக்கிறவங்க மவுண்ட் பாயின்ட் காலியா இருக்கும்போதே அத மாத்த முடியாம பூட்டுற சிஎச்அட்டர் ப்ளஸ் ஐ போட்டு வச்சுருங்க, மேல மவுண்ட் ஆகும், மவுண்ட் இல்லாதப்ப யாராலயும் எழுத முடியாது. நான் அன்னைக்கு ராத்திரியே போட்டுட்டேன்.

அப்புறம் சிஸ்டம்டிகிட்ட அந்த ஸ்டார், ஆம்பர்சண்ட் வித்தை கிடையாது. ஒரு ஷேருக்கு ஒரு வரி. எல்டாப்லேர்ந்து (மையமா வச்சிருக்கிற பயனர் டைரக்டரி) மேப் எடுத்துக்கவும் தெரியாது. எங்க லேப் மாதிரி இடத்துல அங்கயே ஆட்டம் முடிஞ்சுது.

ஸ்டார் குடுக்கணும்னா, வேலைக்கு அஞ்சுக்கு நாலரை. பேச்சுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் டீபக் மோடுக்காக. டாக்குமென்டேஷனுக்கு மூணு, எல்லாம் எழுதியிருக்கு, ஆனா அடிபட்டதுக்கு அப்புறம் படிச்சாத்தான் புரியுற மாதிரி எழுதியிருக்கு. மொத்தமா மூணரை போடுறேன். ஒரு லேப்டாப், ஒரு நாஸ், ரெண்டு ஷேர்னு இருக்கிறவங்க இத இன்ஸ்டாலே பண்ண வேணாம், எஃப்எஸ்டேப்ல ஒரு வரி எழுதி சிஎச்அட்டர் போட்டுட்டு தூங்குங்க. நாப்பது மெஷின், ஐநூறு பேரு, யார் எங்க உக்காருவான்னே தெரியாதுன்னா கண்ண மூடிட்டு இதப் போடுங்க, முதல் நாளே மேப் ஃபைல் 644தானான்னு எல்எஸ் மைனஸ் எல் அடிச்சுப் பாத்துருங்க.